பழைய லென்ஸுக்குப் புது டெப்த் ஆஃப் ஃபீல்டு ஸ்கேல்: அளவெடுப்பு, அச்சு, ஒட்டல், சோதனை

மேனுவல் லென்ஸின் கழுத்தில், நடுக்கோட்டுக்கு இருபுறமும் 4, 8, 11, 16 என்று ஜோடி ஜோடியாகச் சில கோடுகள் இருக்கும். அதுதான் டெப்த் ஆஃப் ஃபீல்டு ஸ்கேல். அபெர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) எஃப்/8-ல் வைத்தால், இரண்டு 8-க்கும் இடையில் ஃபோகஸ் வளையத்தில் எந்தத் தூரங்கள் வருகின்றனவோ அவை எல்லாம் தெளிவாக விழும் என்பது கணக்கு. ஃபிலிம் காலத்து 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை அடாப்டர் போட்டு 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் மாட்டி, ஸ்கேல் சொன்னபடியே ∞ குறியை 8-ன் மேல் நிறுத்தி எடுங்கள். கம்ப்யூட்டரில் 100 சதவீதத்தில் பார்த்தால் தொலைவில் உள்ள மரங்களில் இலை தெரியாது, பச்சைப் பூச்சுதான் தெரியும்.

ஸ்கேல் தவறில்லை. அது அனுமதிக்கும் மங்கலும் நீங்கள் பொறுத்துக்கொள்ளும் மங்கலும் வேறு, அவ்வளவுதான். ஒரு புள்ளி சென்சரில் எவ்வளவு பெரிய வட்டமாகப் பரவினால் இன்னும் ‘தெளிவு’ என்று ஒப்புக்கொள்ளலாம் என்பதே இங்கே அடிப்படை எண். சர்க்கிள் ஆஃப் கன்ஃப்யூஷன் என்பது இதைத்தான்; இங்கே மங்கல் வட்டம் என்றே எழுதுகிறோம். 35 மி.மீ. ஃபிலிமுக்குப் பெரும்பாலும் 0.03 மி.மீ., சில கம்பெனிகள் 0.033. சுமார் 20×25 செ.மீ. பிரிண்டைக் கையில் பிடித்து 25 செ.மீ. தூரத்தில் பார்ப்பதற்கு அது சரியான எண். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சரில் ஒரு பிக்சல் 0.006 மி.மீ. என்பதால் 0.03 மி.மீ. என்றால் ஐந்து பிக்சல் பரவல். 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரில் 100 சதவீதத்தில் பார்ப்பது, ஒன்றரை மீட்டருக்கும் மேல் அகலமான பிரிண்டை மூக்குக்கு நேரே வைத்துப் பார்ப்பதற்குச் சமம். அங்கே ஐந்து பிக்சல் பட்டென்று தெரியும்.

ஒன்றும் செய்யாமலே தப்பிக்க ஒரு குறுக்குவழி உண்டு. லென்ஸில் எஃப்/16 வைத்தால் ஸ்கேலில் 8-ஐப் படியுங்கள். எஃப்/8 வைத்தால் 4-ஐ. இரண்டு ஸ்டாப் (அபெர்ச்சர் வரிசையில் இரண்டு படி) இறக்கிப் படித்தால் மங்கல் வட்டம் 0.015 ஆகிவிடும். பலருக்கு இதுவே போதும். ஆனால் ஸ்கேலே இல்லாத லென்ஸ், 16-ம் 22-ம் மட்டும் போட்ட லென்ஸ், அடாப்டரால் ∞ இடம் மாறிப்போன லென்ஸ் என்றால் புதிதாக ஒரு வளையம் அச்சடித்து ஒட்டுவதுதான் வழி.

கணக்கு எதில் நிற்கிறது

கண்ணாடித் தொகுதி முழுவதும் ஒரே கட்டாக ஹெலிகாய்டு மரையில் முன்னே பின்னே நகரும் லென்ஸ்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சென்சர் பக்கத்தில் ஃபோகஸ் தவறலாம் என்று அனுமதிக்கும் தூரம், அபெர்ச்சர் எண்ணை மங்கல் வட்டத்தால் பெருக்கியது. முன்னே அவ்வளவு, பின்னே அவ்வளவு. எஃப்/16, 0.03 என்றால் 0.48 மி.மீ. இதில் ஃபோகல் லெங்த் வரவே இல்லை, பொருளின் தூரமும் வரவில்லை. மரையோ ஒரே சீராக ஏறுகிறது: வளையத்தை எவ்வளவு திருப்புகிறோமோ அதே விகிதத்தில் லென்ஸ் நகரும். அதனால் 0.48 மி.மீ. நகர்வுக்கு வளையம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று தெரிந்துவிட்டால், எல்லாத் தூரத்துக்கும் அந்த ஒரே ஜோடிக் கோடு போதும்.

வளையத்தில் இருபுறமும் சமமாக இருக்கும் கோடுகள், வெளியே தூரத்தில் சமமாக இராது. ‘முன்னால் ஒரு பங்கு, பின்னால் இரண்டு பங்கு’ என்று சொல்வார்களே, அது ஹைப்பர்ஃபோக்கல் தூரத்தில் (எங்கே ஃபோகஸ் செய்தால் தெளிவு ∞ வரை எட்டுமோ, அந்த மிகக் கிட்டத்துத் தூரத்தில்) மூன்றில் ஒரு பங்கில் ஃபோகஸ் செய்யும்போது மட்டும் சரியாக வரும். அதைவிடக் கிட்டே போனால் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். தள்ளிப் போனால் பின்பக்கம் விரிந்துகொண்டே போய் ∞-ஐத் தொடும். இந்த வாய்ப்பாட்டை மறந்துவிட்டு வளையத்தைப் படிப்பது நல்லது.

தேவையானவை

0.01 மி.மீ. காட்டும் டிஜிட்டல் வெர்னியர், மாஸ்கிங் டேப், கூரான பென்சில், ஸ்டீல் ஸ்கேல், கட்டர் பிளேடு, மேட் வெள்ளை பாலியெஸ்டர் ஸ்டிக்கர் ஷீட், அகலமான டிரான்ஸ்பரன்ட் டேப், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். வரைய இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருள். பிரிண்ட் லேசரில் எடுக்க வேண்டும். இங்க்ஜெட் என்றால் விரல் ஈரத்தில் இழுபடும். பெரிய ஜெராக்ஸ் கடைகளில் ஸ்டிக்கர் ஷீட்டில் லேசர் பிரிண்ட் எடுத்துத் தருவார்கள்.

இரண்டே அளவு

முதல் அளவு, வளையத்தின் ஓட்டம். ஃபோகஸ் வளையத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ∞ குறி நடுக்கோட்டுக்கு நேரே நிற்கும்போது டேப்பில் ஒரு கோடு, மிகக் கிட்டத்துத் தூரம் (சாதாரண 50 மி.மீ.யில் 0.45 மீட்டர்) நேரே வரும்போது இன்னொரு கோடு. டேப்பை உரித்து ஸ்கேலின் மேல் நீட்டி ஒட்டி இடைவெளியை அளக்கலாம். வளையம் முடியும் இடத்தை ∞ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல லென்ஸ்கள் ∞-ஐத் தாண்டியும் கொஞ்சம் திரும்பும்.

இரண்டாவது, லென்ஸ் நீளும் அளவு. லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி, மவுண்டின் உலோக முகத்திலிருந்து ஃபில்டர் விளிம்பு வரை வெர்னியரால் அளவெடுங்கள்: ∞-ல் ஒன்று, 0.45 மீட்டரில் ஒன்று. இரண்டின் வித்தியாசம்தான் வேண்டும். விளிம்பைச் சுற்றி மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். கிரீஸ் காய்ந்த லென்ஸில் மரைக்கு லேசான ஆட்டம் இருக்கும். எப்போதும் ஒரே பக்கமாகத் திருப்பி வந்து நிறுத்தினால் அந்த ஆட்டம் கணக்கில் சேராது.

எடுத்துக்காட்டாக, வளைய ஓட்டம் 108 மி.மீ., நீளும் அளவு 7.80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 108-ஐ 7.80-ஆல் வகுத்தால் 13.85. அதாவது லென்ஸ் ஒரு மி.மீ. முன்னே போக வளையத்தின் பரப்பு 13.85 மி.மீ. ஓட வேண்டும். நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு குறியின் தூரம்:

அபெர்ச்சர் எண் × மங்கல் வட்டம் × 13.85

எஃப்/8, 0.03 என்றால் 3.32 மி.மீ.

இங்கே ஒரு பொறி உண்டு. 50 மி.மீ. லென்ஸுக்கு 0.45 மீட்டரில் நகர்வு எவ்வளவு என்று சூத்திரத்தில் போட்டால் 7.3 மி.மீ. வரும், வெர்னியர் 7.8 காட்டும். வெர்னியரை நம்புங்கள். ‘50’ என்று எழுதிய பல லென்ஸ்களின் உண்மையான ஃபோகல் லெங்த் 51.6 மி.மீ. அருகில் இருக்கும், அதற்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 7.9. ஆனால் வித்தியாசம் இந்த அளவோடு நிற்காமல், லென்ஸ் 2 மி.மீ. மட்டும் நீண்டாலோ நீளவே இல்லை என்றாலோ அது இன்டர்னல் ஃபோகஸ். உள்ளே சில கண்ணாடிகள் மட்டும் நகர்வதால் இந்த வெர்னியர் முறை அதற்கு உதவாது.

ஸ்டிக்கர் ஒட்டப்போகும் நிலையான வளையம் ஃபோகஸ் வளையத்தைவிடச் சிறியதாக இருந்தால் எல்லாக் குறிகளையும் விட்ட விகிதத்தால் சுருக்க வேண்டும். ஃபோகஸ் வளையம் 62 மி.மீ., நிலையான வளையம் 59 மி.மீ. என்றால் 59/62, அதாவது 0.952-ஆல் பெருக்குங்கள். இதை விட்டுவிட்டால் 5 சதவீதம் தவறும். அதனால் படம் கெட்டுவிடாது, ஆனால் கணக்குப் போட்ட பிறகு விடுவானேன்.

எந்த மங்கல் வட்டம்

இரண்டு நிறத்தில் அடிப்பது எங்கள் பரிந்துரை: வெள்ளை 0.03-க்கு, மஞ்சள் 0.015-க்கு. விட்டங்கள் சமமாக இருக்கும் மேலே சொன்ன எடுத்துக்காட்டு லென்ஸுக்குக் குறிகள் இப்படி வரும் (மி.மீ., நடுக்கோட்டிலிருந்து):

| அபெர்ச்சர் | வெள்ளை | மஞ்சள் |
|---|---|---|
| 4 | 1.66 | 0.83 |
| 5.6 | 2.33 | 1.16 |
| 8 | 3.32 | 1.66 |
| 11 | 4.57 | 2.28 |
| 16 | 6.65 | 3.32 |
| 22 | 9.14 | – |

மஞ்சளில் 22-ஐ விட்டதற்குக் காரணம் டிஃப்ராக்‌ஷன். சிறு துளை வழியே ஒளி விரிவதால், கச்சிதமான ஃபோகஸிலும் ஒரு புள்ளி சிறு வட்டாகப் பரவுவது இது. பச்சை ஒளியில் அந்த வட்டின் (ஏரி வட்டு) விட்டம் ஏறக்குறைய அபெர்ச்சர் எண்ணின் 1.34 மடங்கு மைக்ரான்: எஃப்/8-ல் 0.011 மி.மீ., எஃப்/11-ல் 0.015, எஃப்/16-ல் 0.021, எஃப்/22-ல் 0.03. ஃபோகஸ் பட்ட இடமே 0.03 பரவியிருக்கும்போது 0.015-க்கு எல்லை குறிப்பதில் பொருளில்லை. 16-ஐக்கூட எல்லைக்கோடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் இரண்டு பிக்சல் கணக்கில் 0.012 கேட்பார்கள். அதில் எஃப்/5.6 குறி 0.93 மி.மீ.யிலும் எஃப்/4 குறி 0.66 மி.மீ.யிலும் விழும், எண் எழுத இடமிருக்காது.

ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சர் கேமராவில் இதே லென்ஸை மாட்டினால் 0.02 எடுத்துக்கொள்ள வேண்டும். தனி ஸ்டிக்கர் தேவையில்லை, வெள்ளையில் ஒரு ஸ்டாப் இறக்கிப் படித்தால் போதும்.

மிகக் கிட்டே போகும்போது ஒரு திருத்தம் உண்டு. 0.45 மீட்டரில் உருப்பெருக்கம் 0.15 அளவு வருவதால் உண்மையான எல்லை குறிகளைவிட 15 சதவீதம் அகலம். ஸ்கேல் பத்திரமான பக்கம் தவறுகிறது என்பதால் அதைத் திருத்த மெனக்கெட வேண்டாம். மேக்ரோ லென்ஸுக்கு இந்த வளையமே வேண்டாம்.

அச்சும் ஒட்டலும்

கறுப்புப் பட்டை, கோடு 0.15 மி.மீ. தடிமன், எண்களின் உயரம் 1.4 மி.மீ.க்குக் குறையாமல். 4-க்கும் 5.6-க்கும் எண் போட இடம் போதாது. கோட்டை மட்டும் போட்டு 8, 11, 16-க்கு எண் எழுதினால் கண் பழகிவிடும். பக்கத்தின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. நீளத்தில் ஒரு கோடும் வரையுங்கள். பிரிண்ட் எடுத்ததும் முதலில் அளக்க வேண்டியது அதைத்தான். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வு கடைக் கம்ப்யூட்டரில் எப்போதும் போட்டே இருக்கும். கோடு 96-ஓ 97-ஓ வந்தால் அதுதான் காரணம். 100 சதவீதம் என்று மாற்றி மறுபடி எடுங்கள்.

லேசர் டோனரின் கறுப்புப் பட்டை வளைக்கும்போது நுண்ணிய விரிசல் விடும். வெட்டுவதற்கு முன்பே மேலே டிரான்ஸ்பரன்ட் டேப்பை ஒட்டி, ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பால் காற்றைத் தள்ளி, அதன் பிறகு வெட்டினால் விரிசல் வராது, விளிம்பும் உரியாது. பட்டையின் அகலம் நிலையான வளையத்தின் அகலத்தைவிட 1 மி.மீ. குறைவாக இருக்கட்டும். ஃபோகஸ் வளையத்தின் பக்கம் அரை மி.மீ. இடைவெளி இல்லாவிட்டால் ஸ்டிக்கர் விளிம்பு அதில் உரசி, பசை நூல் நூலாக இடுக்கில் இறங்கும். அதன் பிறகு வளையம் பிசுபிசுக்கும்; லென்ஸைப் பிரிக்காமல் சுத்தம் செய்ய முடியாது.

ஒட்டும் இடத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். துணி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். பெயின்டும் செதுக்கலில் நிரப்பிய நிறமும் சேர்ந்து வந்துவிடும். நடுக்கோட்டைச் சட்டென்று பொருத்துவது கடினம். பட்டையின் ஒரு முனையை மாஸ்கிங் டேப்பால் கீல்போல நிறுத்தி, நடுக்கோடு நேரே வருகிறதா என்று பார்த்த பிறகு, பின்தாளை நடுவிலிருந்து பாதிப் பாதியாக உரித்து அழுத்துங்கள். பழைய லென்ஸில் அகச்சிவப்பு ஃபிலிமுக்கான சிவப்புப் புள்ளி இருந்தால் அது மறைந்துவிடும். வேண்டுமென்றால் ஸ்டிக்கரிலேயே அதே இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

அடாப்டர் செய்யும் வேலை

ஒட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டியது இது. மலிவான அடாப்டர்களை வேண்டுமென்றே சற்றுக் குட்டையாகச் செய்வார்கள், எந்த லென்ஸும் ∞-ஐ எட்டாமல் போய்விடக் கூடாது என்று. அடாப்டர் 0.1 மி.மீ. குட்டை என்றால் நம் எடுத்துக்காட்டில் வளையத்தில் 1.38 மி.மீ. பிசகும். வெள்ளை எஃப்/2.8 குறியின் தூரமே 1.16 மி.மீ.தான். வளையம் 27 மீட்டர் அருகே நிற்கும்போதுதான் சந்திரன் தெளிவாகும். ∞-ல் நிறுத்தினால் மங்கும்.

அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, லைவ் வியூவில் பெரிதாக்கி, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செல்போன் கோபுரத்தையோ நிலாவையோ ஃபோகஸ் செய்யுங்கள். இப்போது ∞ குறி எங்கே நிற்கிறதோ, புது ஸ்டிக்கரின் நடுக்கோடு அங்கே வர வேண்டும். மரை சீராக ஏறுவதால் இந்த ஒரே நகர்த்தல் எல்லாத் தூரத்தையும் சேர்த்துத் திருத்திவிடும். ஆனால் அந்த ஸ்டிக்கர் அந்த ஒரு அடாப்டருக்கு மட்டுமே. பல அடாப்டர் வைத்திருப்பவர்கள் ஸ்டிக்கரைத் தொடாமல், அடாப்டரின் திருகுகளைக் கழற்றி உள்ளே 0.05 மி.மீ. பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) வெட்டி வைத்து உயரத்தைச் சரிசெய்வது மேல்.

சோதனை

கேமராவை முக்காலியில் வைத்து வளையத்தை 2 மீட்டரில் நிறுத்துங்கள், எஃப்/8. செய்தித்தாள் துண்டுகளை சென்சர் குறியிலிருந்து (வட்டத்தைக் குறுக்கே வெட்டும் கோடு) 1.7, 1.83, 2.0, 2.2, 2.45 மீட்டரில் ஒன்றையொன்று மறைக்காமல் நிறுத்தி எடுங்கள். வெள்ளைக் கோடுகள் 1.7-க்கும் 2.45-க்கும் அருகே, மஞ்சள் 1.83-க்கும் 2.2-க்கும் அருகே நிற்க வேண்டும். படத்தை 20×25 பிரிண்டாகவோ அதே அளவுக்குத் திரையில் சுருக்கியோ பார்த்தால் ஐந்து துண்டும் படிக்கக் கிடைக்கும். 100 சதவீதத்தில் 1.7-ம் 2.45-ம் மங்கல். நடுத்துண்டே மங்கலாகி, 2.2 கூர்மையாக இருந்தால் அடாப்டரைப் பாருங்கள். எஃப்/1.4, 1.2 போன்ற வேகமான லென்ஸ்களில் அபெர்ச்சரைச் சுருக்கும்போது ஃபோகஸ் சற்றுப் பின்னே நகர்வதுண்டு. சோதனை செய்யும் அபெர்ச்சரிலேயே ஃபோகஸும் செய்தால் அந்தக் குழப்பம் தனியாகத் தெரியும்.

வளையத்தைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். கிட்டத்துப் பொருளையும் தொலைவுப் பொருளையும் தனித்தனியே ஃபோகஸ் செய்து தூரத்தைப் பார்த்துக்கொண்டு, இரண்டும் ஒரே ஜோடிக் கோட்டில் விழும்படி வளையத்தை நிறுத்தினால் தேவையான அபெர்ச்சர் அங்கேயே எழுதியிருக்கும். 1987-ல் வந்த கேனன் இஓஎஸ் 650-ன் டெப் மோடு ஆட்டோஃபோகஸில் செய்ததும் இதைத்தான்: கிட்டத்துப் புள்ளி, தூரத்துப் புள்ளி இரண்டையும் காட்டினால் அபெர்ச்சரும் ஃபோகஸும் தானே அமையும். அப்படிப்பட்ட வசதி இன்றைய மெனுக் காடுகளில் காணாமல் போனது வருத்தம்தான்.

ஸ்டிக்கர் ஒட்ட முடியாதவை

ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களின் ஜன்னல் ஸ்கேலில் 16-ம் 22-ம் மட்டும் இருப்பது சோம்பேறித்தனத்தால் அல்ல. மோட்டார் வேகமாக ஓட்ட வேண்டும் என்று வளைய ஓட்டத்தைக் குறைத்துவிடுகிறார்கள். 13.85 இருக்க வேண்டிய விகிதம் 5-க்கு இறங்கினால் வெள்ளை எஃப்/8 குறி 1.2 மி.மீ.யிலும், எஃப்/4 குறி 0.6-லும் வந்து நெருக்கும். வளையத்தின் திருப்பத்தை மோட்டாருக்கு மின்சமிக்ஞையாக அனுப்பும் பெரும்பாலான ஃபோகஸ்-பை-வயர் லென்ஸ்களில் வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும், வேகமாகத் திருப்பினால் ஒரு தூரம், மெதுவாகத் திருப்பினால் வேறு தூரம். அங்கே திரை மட்டுமே கதி.

திரையில் ஒழுங்காகக் காட்டுபவர்களில் ஃபூஜிஃபில்ம் முக்கியம்: தூரக் கோட்டின் மேல் நீலப் பட்டை, அதற்கு மெனுவில் ‘பிக்சல் அடிப்படை’, ‘ஃபிலிம் ஃபார்மட் அடிப்படை’ என இரு தேர்வு. நம் மஞ்சளும் வெள்ளையும் அதேதான். பட்டை கேவலமாகக் குறுகலாக இருக்கிறது என்று குறைசொல்பவர்கள் முதலில் அந்த மெனுவைத் திறக்க வேண்டும். 2015-ல் வந்த ஸைஸ் பேட்டிஸ் லென்ஸ்களில் லென்ஸின் மேலேயே ஓலெட் திரை, அதில் தூரமும் டெப்த் ஆஃப் ஃபீல்டும் தெரியும்; நிக்கானின் சில ஸீ மவுண்ட் லென்ஸ்களிலும் உண்டு. ஃபோகஸ் பீக்கிங்கை மட்டும் இதற்கு மாற்றாக எண்ண வேண்டாம். அது திரைக்குச் சுருக்கிய படத்தில் கான்ட்ராஸ்ட் விளிம்பைத் தேடுகிறது. உண்மையான எல்லையைத் தாண்டியும் வண்ணம் பூசும்.

ஃபேஸ் டிடெக்ட் பிக்சல் (ஆட்டோஃபோகஸுக்காகச் சென்சரிலேயே வைத்த பிக்சல்) உள்ள கேமராவுக்கு ஒவ்வொரு புள்ளியும் எத்தனை மைக்ரான் ஃபோகஸ் தவறியிருக்கிறது என்று அளக்கத் தெரியும். அதை அபெர்ச்சர் எண்ணால் வகுத்தால் மங்கல் வட்டம் கிடைக்கிறது. தொட்ட இடத்தில் ‘3 பிக்சல்’ என்று எழுதிக் காட்டினால் மீட்டர் கணக்கே தேவைப்படாது.

ஜூம் லென்ஸுக்கு இந்த ஸ்டிக்கர் ஒரே ஃபோகல் லெங்த்தில்தான் சரி. முன்பக்கக் கண்ணாடித் தொகுதியை நகர்த்தி ஃபோகஸ் செய்யும் பழைய ஜூம்களில் குறிகளின் இடைவெளி ஃபோகல் லெங்த்தின் வர்க்கத்துக்கு எதிராகச் சுருங்கும்: 80-லிருந்து 200-க்குப் போனால் 6.25 மடங்கு. ஒரே வளையத்தை முன்னும் பின்னும் தள்ளி ஜூம் செய்யும் பழைய லென்ஸ்களின் குழலில் விசிறிபோலக் குவியும் வண்ணக் கோடுகள் அதற்காகத்தான். ஜூமுக்குத் தனி வளையம் வந்ததும் அந்தக் கோடுகளுக்கு இடமில்லாமல் போயிற்று. அப்படிப்பட்ட லென்ஸில் கட்டாயம் வேண்டுமென்றால், இன்டர்னல் ஃபோகஸ் அல்லாதவற்றில், அதிகம் பயன்படுத்தும் ஒரு ஃபோகல் லெங்த்துக்கு மட்டும் மேலே சொன்ன செய்தித்தாள் சோதனையால் எஃப்/8 எல்லையைக் கண்டுபிடித்து ஒரே ஒரு ஜோடிக் கோடு போடுங்கள். பக்கத்தில் அந்த ஃபோகல் லெங்த்தையும் எழுதிவிடுங்கள்.